கனவில் தண்ணீரின் நிறம்

அறுபதுகளில் துறைமுகத்தை அடுத்திருந்த ஒரு சிறிய சிகிச்சை நிலையத்தில் நான் தாதியாக வேலை செய்தேன். அங்கே ஒருநாள், சரக்குப் படகில் வேலை செய்யும் மூதூர்க்காரர் ஒருவர் நித்திரையில்லை என்று வந்தார். நாற்பது வயதிருக்கும். மூன்று வருடங்களுக்கு முன் கொட்டியாரக் குடாவில் தோணி கவிழ்ந்து அவருடைய தம்பி இறந்திருந்தான். கருக்கல் நேரம். இவர் பிடித்திருந்த அவன் கை நழுவிவிட்டது. அந்தக் கையும் கறுத்த தண்ணீரும் வாரத்தில் நாலு தரமாவது கனவில் வந்தன.

டொக்டர் நித்திரைக்குக் குளிசை கொடுத்தார். அடுத்த கிழமை அவர் திரும்பி வந்து மிச்சக் குளிசைகளை மேசையில் வைத்தார்.

"இது வேணாம் டொக்டர். இதப் போட்டா முழிக்க ஏலாது. கனவுக்குள்ளேயே கெடக்கன்."

டொக்டர் குளிசைகளை ஒதுக்கி வைத்தார். "அந்தக் கனவை நீங்கள் மாத்தலாமெண்டால், எதை மாத்துவீங்கள்?"

தம்பியைக் கரைசேர்ப்பேன் என்று சொல்வார் என நினைத்தேன்.

"அவன் மவுத்தாகினது மவுத்தாகினதுதான். அத மாத்தினா நானே நம்ப மாட்டன். வெளிச்சமா இரிக்கோணும். அவன்ட மொகத்தப் பாக்கோணும்."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாற்றிய கனவை எழுதி அவருக்கு வாசித்துக் காட்டச் சொன்னார் டொக்டர். படகுக்காரர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தினமும் மதிய இடைவேளையில் வந்து மர வாங்கில் கண்மூடி உட்காருவார், நான் வாசிப்பேன். இடையில் மறிப்பார்.

"தண்ணி பச்சையா இரிக்கோணும் மிஸ். அடில மண் தெரியோணும்."

திருத்துவேன். மறுநாள் தம்பி உடுத்திருந்த சாரத்தின் நிறத்தை மாற்றச் சொல்வார். நேற்று என்ன கண்டார் என்று அறிய எனக்கு அவ்வளவு ஆவல். கேட்கக் கூச்சமாகவும் இருந்தது.

கனவில் முதலில் தண்ணீர் மட்டும் வெளுத்தது. முகம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள், "வந்தான் மிஸ்," என்றார்.

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லல்ல. நான் அழுதன். ஆனா பயம் வரல்ல."

பிறகு அந்தக் கனவு எப்போதாவதுதான் வந்தது. படகில் பழையபடி வேலை செய்தார்.

இதை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று டொக்டரிடம் கேட்டேன்.

"படிக்கேல்ல. குளிசை சரிவரேல்ல. வேற என்ன செய்யிறதெண்டு தெரியாமல்தான் கேட்டனான்."

அதன்பின் கெட்ட கனவென்று சொல்லி வந்தவர்களிடமெல்லாம் நானும் அதே கேள்வியைக் கேட்டேன். ஒருவர்கூட நான் எதிர்பார்த்த பதிலைச் சொன்னதில்லை. புயலுக்குத் தப்பி ஓடுவதாகவே கனவு கண்டுவந்த சல்லிக் கிராமத்துப் பெண் ஒருவர், காலில் செருப்பு மட்டும் இருந்தால் போதும் என்றார்.