சிசிலி அக்கா கொண்டுவந்த பன்னிரண்டு சுறா

நாகர்கோவிலில் எங்கள் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் மீன் விற்றவர் பள்ளம் கடற்கரைச் சிசிலி அக்கா. விலங்கியல் வகுப்புக்கு நண்டும் கணவாயும் கொண்டுவருவதும் அவர்தான். 1954இல் எங்கள் பி.எஸ்ஸி. செய்முறைப் பரீட்சைக்கு ஆளுக்கொன்றாகப் பன்னிரண்டு சின்னப் பால்சுறா கேட்டிருந்தோம்.

பரீட்சையன்று காலை ஒன்பது மணிக்கு ஆய்வகப் பணியாளர் நேசையன் பெட்டியைத் திறந்தார். எல்லாச் சுறாவும் வயிறு கீறி, குடல் எடுத்துக் கழுவியிருந்தது.

"பிள்ளையளுக்குப் பரீட்சை எண்ணு சொன்னியளே. அதான் பேறுகால வீட்டுக்குக் குடுக்க மாதிரி சுத்தமாக் கொண்டு வந்தேன்," என்றார் அக்கா.

"ஏட்டி, அந்தக் குடலை அறுத்துக் காட்டத்தானே பரீட்சையே," என்றார் நேசையன்.

திருவனந்தபுரத்திலிருந்து வந்த பரீட்சகர் இரண்டு மணிவரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் சுறா வராவிட்டால் அந்த ஆண்டு எங்களுக்குப் பட்டம் இல்லை. மீன் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். அக்கா ஐந்து மைல் நடந்து பள்ளம் போனார். கட்டுமரங்கள் கரைசேரும்வரை காத்திருந்து, ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். ஒன்றேமுக்காலுக்குப் பெட்டி வந்துவிட்டது.

நாங்கள் அறுக்கும்போது ஜன்னலருகே நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏலே மக்கா, ஒரு சுறாவுக்கு மூணு மணிக்கூறா? எனக்க வீட்டுல எண்ணா எல்லாவனும் பட்டினி கிடந்திருப்பான்."

பரீட்சகரே சிரித்துவிட்டார்.

பன்னிரண்டு பேரும் தேறினோம். "அம்புட்டுப் பேரையும் பாஸாக்கினது நானாக்கும்," என்று அக்கா தெருத்தெருவாகச் சொல்லி மீன் விற்றார். எங்களில் ஒருவரும் மறுக்கவில்லை.