இறக்கை நட்டின் தேதி

பாடாங் மேஹா எஸ்டேட்டில், முன்பு ரப்பர் ஷீட் காயவைத்த கொட்டகையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் தனியாளாக இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். கூலிம் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. நட்டை முறுக்கியதும் அதன்மேலும் அதை ஒட்டிய தகட்டின்மேலும் சேர்த்து ஒரே சிவப்புக் கோடு இழுத்து, நோட்டில் தேதி எழுதுவார். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

பறக்க அனுமதி கிடைத்ததும் பக்கத்து இருக்கைக்கு என்னை அழைத்தார். ஏறும்முன் சரிபார்க்க நான் நோட்டை வாங்கிப்போய் என் நாட்குறிப்போடு ஒப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"அண்ணே, இறக்கை நட்டு முறுக்கினதா எழுதியிருக்கிற அன்னைக்கு, முழுநாளும் பெண்டாங் ஊர்க் கல்யாணத்துல என்கூடச் சோறு பரிமாறினீங்களே!"

"தேதி மாறியிருக்கும் லா, தம்பி. நட்டைப் பாரு." ஸ்பேனரை நீட்டினார்.

முறுக்கினேன், அசையவில்லை. ஆனால் ஒரு தேதி பொய்யென்றால் மற்றவற்றை எப்படி நம்புவது? வரவில்லை என்றேன்.

"சரி, உன் எடை எவ்வளவு?"

ஞாயிறன்று அந்த எடைக்கு அரிசி மூட்டைகளைப் பக்கத்து இருக்கையில் கட்டிக்கொண்டு பறந்தார். எஸ்டேட்டுக்கு மேலே இரண்டு வட்டமடித்துப் பத்திரமாக இறங்கினார். உடனே நோட்டில் தேதி எழுதி என்னிடம் நீட்டினார்.

"சரியா பாரு லா."

சரியாகத்தான் இருந்தது. இறக்கை நட்டை என்றைக்கு முறுக்கினார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.