த்ரீ-நாட்-எய்ட்டா, தர்ட்டி-ஆட்-சிக்ஸா?

துப்பாக்கிக் கடை கவுன்டரில் நிற்பவனுக்குக் குண்டால் சாவு வராது, கஸ்டமர் கேட்கிற சந்தேகத்தால்தான் வரும். எந்தக் கடையிலாவது கால் கடுக்க நின்றவர்களுக்கு இது புரியும்.

ஆராய்ச்சி மணி

டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் எங்கள் கடை. எண்ணெய் கம்பெனி இன்ஜினியர் கார்த்திக், தமிழ் ஆள் இருக்கிறான் என்று என்னைத் தேடி வந்தார். மேனேஜர் தன் ரான்ச் பண்ணைக்கு மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். த்ரீ-நாட்-எய்ட் ரைஃபிள் வாங்குவதா, தர்ட்டி-ஆட்-சிக்ஸ் ரைஃபிள் வாங்குவதா? இரண்டிலும் குண்டு ஒரே பருமன். இரண்டாவதில் தோட்டா அரை இன்ச் நீளம் அதிகம், கொஞ்சம் வெடிமருந்து கூட. அவ்வளவுதான் ராமாயணம்! "மானுக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்றேன். மனுஷன் லேப்டாப்பைத் திறந்து எக்ஸெல் ஷீட்டைக் காட்டினார். பெண் பார்க்கும்போதுகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்.

"மூணு வாரமா கம்பேர் பண்றேண்ணா, நீங்க ஒரே வார்த்தையில முடிக்கிறீங்க!"

ராகு காலம் கழிந்து

அப்புறமும் நாலு தடவை வந்து என் உயிரை எடுத்தார். கடைசியில் வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு நடத்தி, ராகு காலம் கழித்து வந்து, த்ரீ-நாட்-எய்ட் வாங்கினார். ஜென்மத்தில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. "ஷூட்டிங் ரேஞ்சுக்கு வாங்க, குறி பாக்குற ஸ்கோப்பை செட் பண்ணி சுட்டுப் பழகுங்க. குண்டு நெஞ்சுல விழணும். தப்பினா அந்த ஜீவன் துடிதுடிச்சு சாகும்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். நானே கூட வருவதாகவும் சொன்னேன். சிரித்தார்.

"ஃப்ரிட்ஜ் வாங்கினா ஐஸ் வைக்க டிரெய்னிங்கா எடுப்பாங்கண்ணா? யூடியூப்ல எல்லாம் பாத்துட்டேன்."

திங்கட்கிழமை

வேட்டை முடிந்து, தொங்கிய முகத்தோடு வந்தார். மான் எதிரிலேயே நின்றதாம். சுட்டாராம். வயிற்றில் பட்டு, புதருக்குள் ஓடிவிட்டதாம். மேனேஜர் டார்ச் வைத்துத் தேடியும் கிடைக்கவில்லையாம். அந்த வாயில்லா ஜீவன் எந்தப் புதரில் கிடந்து எத்தனை நேரம் துடித்ததோ, பாவம்! ஒரு சனிக்கிழமை பழகியிருந்தால் போதுமே, படுபாவி! நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அப்பவே தர்ட்டி-ஆட்-சிக்ஸ் எடுத்திருக்கணும். நீங்கதான் அழுத்திச் சொல்லலையேண்ணா!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்கள் அந்தக் கூடத்தை இரண்டு சைஸில் விற்றுப் பிழைக்கிறோம்.