ஒரே மாதத்தில் இரண்டு சம்பளம்

அறுபத்தொரு வயதில் என் வேலை போனது. பதினெட்டு வருடம் ஒரே கிடங்கில் சரக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். கிடங்கையே மூடிவிட்டார்கள். அதன் பிறகு பதினொரு மாதம் வீட்டில். அந்த மாதங்களில் நூற்று நாற்பத்திரண்டு விண்ணப்பங்கள் அனுப்பினேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள், இரண்டு பேர் நேரில் கூப்பிட்டார்கள். கடைசியில் வேலை தந்தவர் அந்த நூற்று நாற்பத்திரண்டிலும் இல்லாதவர். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வாரத்துக்கு இருபத்தைந்து மணித்தியாலம், வந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கும் வேலை. எண்ணுவதற்குச் சம்பளம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் ஏன் மறுக்கப் போகிறேன்?

இருபத்தைந்து மணித்தியாலச் சம்பளம் இரண்டு பேருக்குக் காணாது. மனைவிக்கு முழங்கால் வருத்தம், வேலைக்குப் போக ஏலாது. ஆனால் நான் வேலைக்குப் போனதும் அரசாங்கம் தருகிற உதவிப்பணம், பெனிபிட், முழுதாக நின்றுவிடவில்லை. சம்பளத்தைப் பார்த்துக் குறைத்துத் தருவார்கள். உழைக்கிற ஒவ்வொரு பவுனுக்கும் ஐம்பத்தைந்து பென்ஸ் குறையும். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு மிஞ்சுகிற நாற்பத்தைந்து பென்ஸ் பெரிதாகத் தெரிந்தது.

பெனிபிட் தருகிறவர்களுடைய மாதம் ஒன்றாம் தேதி தொடங்குவதில்லை. நாங்கள் முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து ஓடுகிறது. எங்கள் மாதம் பதினேழாம் தேதி தொடங்கி அடுத்த பதினாறாம் தேதி முடியும். அதற்குள் கைக்கு வந்த சம்பளம் எதுவோ, அதுதான் அந்த மாத வருமானம். கடையில் சம்பளம் இருபதாம் தேதி. ஆகவே ஒரு மாதத்துக்கு ஒரு சம்பளம். மூன்று மாதம் பிசகில்லாமல் நடந்தது.

பிறகு பொங்கல் வந்தது.

பொங்கலுக்கு முன் சம்பளம் கொடுப்பது எங்கள் முதலாளிமாருடைய வழக்கம். பானை வைக்கிற வீட்டில் காசு இல்லாமல் இருக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். பதின்மூன்றாம் தேதி காலை என் வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்திருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். வேலை முடிந்ததும் பச்சையரிசியும் சர்க்கரையும் பயறும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் தேதியை மட்டும் எண்ணவில்லை. டிசம்பர் இருபதாம் தேதிச் சம்பளமும் ஜனவரி பதின்மூன்றாம் தேதிச் சம்பளமும் ஒரே மாதத்துக்குள் விழுந்துவிட்டன. பெனிபிட் வருகிற இருபத்துமூன்றாம் தேதி போனைப் பார்த்தால், இந்த மாதம் உங்களுக்குத் தரவேண்டியது பூச்சியம் என்று வந்திருந்தது.

அடுத்த சம்பளம் பிப்ரவரி இருபதில். பொங்கல் சம்பளத்திலிருந்து அதுவரைக்கும் முப்பத்தெட்டு நாள். நடுவில் முதலாம் தேதி வீட்டு வாடகை. கையில் இருந்தது அதற்குக் காணாது.

"வேலையில்லாமல் இருக்கேக்க ஒழுங்கா வந்த காசு, வேலைக்குப் போனாப் பிறகு நிண்டு போச்சு. இதென்ன புதினம்?" என்றாள் மனைவி.

"தேதி பிழைச்சுப் போச்சு. திருத்தலாம்."

"இஞ்சருங்கோ, பேசாமல் வேலையை விடுங்கோ. உங்களுக்கும் இரவிலை நித்திரை வரும், எனக்கும் வரும்."

வேலையை விடுகிற எண்ணம் எனக்கு ஒரு நிமிடமும் வரவில்லை. பதினொரு மாதம் காத்திருந்து கிடைத்த வேலை அது. அடுத்த நாள் நூலகத்துக்குப் போய் விதிகளைத் தேடிப் படித்தேன். இரண்டு மணித்தியாலத்தில் வேண்டியது கிடைத்தது. மாதச் சம்பளக்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு சம்பளம் விழுந்தால், ஒன்றை அடுத்த மாதத்தில் சேர்க்கும்படி கேட்கலாம். கேட்டால்தான் பார்ப்பார்கள். வழக்கமான சம்பளத் தேதி இருபது என்று முதலாளி ஒரு கடிதம் தந்தால் என் பக்கம் முழுதாகிவிடும்.

அந்தக் கடிதம்தான் கஷ்டமாக இருந்தது.

"அண்ணை, நான் நல்லது செய்யப் போய் இப்ப குற்றவாளியோ?" என்றார் முதலாளி. பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் கை இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"குற்றம் ஒண்டும் இல்லைத் தம்பி. பொங்கலுக்காக முன்னுக்குக் குடுத்தது எண்டு எழுதினால் காணும்."

"அரசாங்கத்துக்குக் கடிதம் போட்டால் பிறகு அவங்கள் கடைக்கு வந்து நிப்பாங்கள்."

"எல்லாருக்கும் சம்பளச் சீட்டு இருக்கு, வரி கட்டியிருக்கு. வந்தால் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

"எங்கட அப்பா கொழும்பிலை கடை வைச்சிருந்தவர். பொங்கலுக்குப் பிந்திச் சம்பளம் குடுத்ததே இல்லை. அவரிட்டை ஒருத்தரும் வந்து இப்பிடிக் கேக்கேல்லை."

"அவரிட்டை வேலை செய்த ஆளுக்கு லண்டன் கவுன்சிலுக்குக் கட்டுற வீட்டு வாடகை இல்லைத் தம்பி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வீட்டிலேயே ஆங்கிலத்தில் எழுதி அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஆறு வரி. அவர் மூன்று முறை வாசித்து, மிளகாய்ப் பெட்டி ஒன்றின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது, "பெட்டி எண்ணத்தான் உங்களை வேலைக்கு எடுத்தனான், என்னிலை பிழை பிடிக்க இல்லை," என்றார்.

அன்றே இணையத்தில் எங்கள் பெனிபிட் கணக்கில் ஒன்பது வரி எழுதி, இரண்டு சம்பளச் சீட்டுகளையும் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. தேதிகளை மட்டும் வரிசையாக வைத்தேன். நான்காம் நாள் பதில் வந்தது. ஜனவரிச் சம்பளத்தை அடுத்த மாதத்துக்கு மாற்றிவிட்டார்கள். முதலாம் தேதிக்கு ஒரு நாள் முன்னால் காசு வந்தது. வாடகை கட்டினோம். மனைவி எனக்கு இரண்டாவது கோப்பி போட்டுத் தந்தாள்.

சித்திரை வருடப்பிறப்புக்கும் அதே வழக்கம். இம்முறை நான் ஒரு மாதம் முன்னதாகவே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் தேதி காலை அவர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் இண்டைக்குச் சம்பளம். அண்ணைக்கு மட்டும் இருபதாந் தேதி. ஏன் எண்டு ஆரும் கேக்காதேங்கோ, கேட்டால் அவர் கணக்குச் சொல்லத் துவங்கிடுவார்."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எட்டு நாள் பிந்துவது எனக்கு ஒரு பாரமும் இல்லை.

தேநீர் நேரத்தில், மிளகாய்த்தூள் பொதி செய்கிற பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும், தனி ஆள். அதுவரை என்னோடு அதிகம் பேசாதவர்.

"அண்ணை, தையிலை எனக்கும் பெனிபிட் வரேல்லை. வேலைக்கு வந்தால் இப்பிடித்தான் வெட்டுவாங்கள் எண்டு நினைச்சுப் பேசாமல் இருந்திட்டன். வேலையை விடுவமோ எண்டும் யோசிச்சனான்."

"உங்கட மாதம் எந்தத் தேதியிலை துவங்குது?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. போனை எடுக்கச் சொன்னேன். இடைவேளை முடிய இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. தேதியைக் கண்டுபிடிக்க அது தாராளமாகப் போதும்.