மேலே இருக்க வேண்டிய கம்பி

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் வைத்த பெயர் 'உத்திரம்'. யார் வீட்டுக்குப் போனாலும் ஆளின் முகத்தைப் பார்க்கும் முன் கூரையைப் பார்ப்பார். "விழாது மாப்பிள்ளை, வந்து உட்காருங்க" என்று என் அண்ணனே கிண்டல் செய்வான்.

கட்டடங்களுக்கு வரைபடம் போடும் உத்தியோகம். அதற்கு மேல், கட்டடப் பொறியியல் படிக்கிறவர்களுக்கும் அந்த வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு இணையதளம் நடத்தினார். அட்டவணைகள், போட்டுக் காட்டிய கணக்குகள், மாதிரி வரைபடங்கள், கேள்வி பதில், எல்லாம் இலவசம். பதினான்கு வருடம், தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அதற்குத்தான். காபி ஆறிப்போய்க் கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஊர்ல எவனுக்கோ தூண் கணக்கு போட நேரமிருக்கு. நம்ம வீட்டுக் குழாய் சொட்டறது கண்ணுல படல."

"அவனுக்குத் திங்கட்கிழமை பரீட்சை. குழாய்க்கு என்ன பரீட்சை?"

இந்த மனுஷனிடம் என்ன பேசுவது?

அந்தத் தப்பு ஒரு பால்கனி படத்தில் நடந்தது. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்கு முக்கியமான கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். இழுபடுவது மேல்பக்கம்தான் என்று அழிரப்பரை வளைத்து எனக்கே காட்டியிருக்கிறார். எழுத்துக்கு இடம் போதவில்லை என்று படத்தைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறார். எழுத்தை நேராக்கினார், கம்பியை மறந்துவிட்டார். அது கீழ்ப்பக்கம் போய்விட்டது. அப்படிக் கட்டினால் பால்கனி ஒருநாள் ஆளோடு விழும்.

பத்தொன்பது நாள் கழித்து ஒரு மாணவி சுட்டிக்காட்டினாள். உடனே திருத்தினார். ஆனால் அதற்குள் அறுபத்து மூன்று பேர் இறக்கிக்கொண்டுவிட்டார்கள். மின்னஞ்சல் முகவரி கொடுத்தால்தான் இறக்க முடியும் என்பதால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார். அறுபத்து இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் மட்டும் போடவில்லை. இறக்கும்போது நிரப்ப வேண்டிய 'எதற்காக?' என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது: 'என் சொந்த வீட்டுக்கு.'

அந்த மூணு வார்த்தை என் வீட்டுக்காரரைத் தின்றது. வாரம் தவறாமல் எழுதினார். தெருவில் போனால் ஒவ்வொரு பால்கனியாக அண்ணாந்து பார்த்தார். "ஆயிரம் பேருக்கு உதவியிருக்கீங்க, இந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு ஏன் சாகறீங்க?" என்று கத்தினேன். அந்த வாயை இன்றும் சபிக்கிறேன். எட்டாவது மாதம் கணையத்தில் புற்று என்றார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "பதில் வந்துச்சா?"

ஒருநாள் மத்தியானம் என்னால் தாங்க முடியவில்லை. "வந்துடுச்சு" என்றேன்.

"என்ன எழுதியிருக்காரு?"

"கட்டறதுக்கு முன்னாடியே உங்க கடிதத்தைப் பார்த்துட்டாராம். கம்பியை மேலதான் போட்டாராம்."

என்னையே பார்த்தார். "எவ்வளவு நீட்டியிருக்காராம்?"

எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். "மூணு மீட்டராம்."

அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்பாடா. நல்லதாப் போச்சு. நீ போய்ச் சாப்பிடு." அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நான்காம் நாள் போய்விட்டார். நிம்மதியாக அனுப்பிவைத்தேன் என்று அந்த ஒன்றை வைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவருடைய ஆபீஸ் வரைவாளர் ஒருவர் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

"மூணு மீட்டருன்னா சொன்னீங்க, அண்ணி?"

"ஆமா. ஏன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் படம் ஒரு மீட்டர் பால்கனிக்கு. சொந்த வீட்டுக்கு யாரும் மூணு மீட்டர் நீட்ட மாட்டாங்க. அண்ணனுக்குச் சொன்ன உடனே தெரிஞ்சிருக்கும்."

அவர் போன பிறகு வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. பொய் என்று தெரிந்தும், நான் சாப்பிட வேண்டுமே என்று சிரித்திருக்கிறார். அந்தப் பாரத்தை இறக்காமலேயே போயிருக்கிறார்.

இப்போது வாரம் தவறாமல் நான் எழுதுகிறேன், அதே முகவரிக்கு. 'ஐயா, கம்பி மேலே இருக்க வேண்டும். தயவுசெய்து ஒரு வரி பதில் போடுங்கள்.'