தை வரை பாடாத ஒண்ணாப்பு

1958இல் பழனியிலிருந்து மலைமேல் இருக்கும் பள்ளங்கி ஆரம்பப் பள்ளிக்கு வந்த தமயந்தி டீச்சருக்குப் பாட்டில்லாமல் பாடம் நடத்த வராது. கூட்டலுக்கு ஒரு மெட்டு, திசைகளுக்கு ஒரு மெட்டு, மழை எப்படிப் பெய்கிறது என்பதற்கும் ஒன்று. பிள்ளைகள் கைதட்டிப் பாடியே கணக்கை விழுங்கிவிடும்.

யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? வந்த புதிதில் ஒரு சாயங்காலம் எதிர்ச்சரிவிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. பூண்டுக் காட்டில் வேலை செய்வோர் பாடும் பாட்டு என்று நினைத்துக்கொண்டார். மெட்டு மனதைப் பிடித்துவிட, மறுநாளே கூட்டலை அதில் ஏற்றிவிட்டார். பிள்ளைகளின் முகம் சுருங்கியது. ஆனால் டீச்சரிடம் யார் வாயைத் திறப்பது?

ஒண்ணாப்பு அன்னக்கொடி அதை வீட்டு அடுப்படியில் பாடினாள். அவ்வளவுதான், அடுத்த நாள் வகுப்பே காலி. தமயந்தி பதறிப்போய், காரணம் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினார்.

"வீட்ல பொணம் விழாம அந்த மெட்ட எடுக்கலாமாங்க டீச்சர்?" அன்னக்கொடியின் தாய் ராக்காயி கத்தவில்லை. "தையில போன எம்மவனுக்கு அந்திக்கு அந்தி நான் வைக்கிற ஒப்பாரிங்க அது."

ஐயோ, தமயந்திக்கு உயிரே போய்விட்டது.

"தெரியாம செஞ்சுட்டேன் தாயி. நாளைக்கே கும்மி மெட்டுக்கு மாத்திடுறேன். புள்ளைய அனுப்புங்க."

"துக்க வீட்டுப் புள்ள கும்மி தட்டலாமாங்க? வருசம் திரும்புற வரைக்கும் அவ பூண்டு உரிச்சுக்கிட்டு வீட்லயே கெடக்கட்டும்."

ஒரு வருசம் நின்ற பெண்பிள்ளை மறுபடி பள்ளிக்கு வந்ததாக அந்த ஊரில் கதையே கிடையாது. அது தமயந்திக்கும் தெரியும்.

"அப்ப யாருமே பாட வேணாம். தை வரைக்கும் ஒண்ணாப்பு முழுக்கத் துக்கம் காக்கட்டும். நானும்தான்."

மறுநாள் வெள்ளனே ராக்காயி மகளைக் கொண்டுவந்து விட்டாள். மற்ற பிள்ளைகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

அந்த மாதங்கள் உப்பில்லாக் கஞ்சிதான். பிள்ளைகள் கூழாங்கல்லை வைத்துக் கூட்டின, பாதி தப்பு. தாளம் போட எழும் கையைத் தமயந்தி மடியில் அழுத்திக்கொள்வார். பாடாத டீச்சர் என்று ஊரார் சிரித்ததையும் பொறுத்துக்கொண்டார்.

தையில் மகனுக்குத் திதி கொடுத்த மறுநாள் ராக்காயி பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

"இனிப் பாடச் சொல்லுங்க டீச்சர்."

பிள்ளைகள் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தன. ராக்காயி உள்ளே வந்தாள், குனிந்து கும்மி தட்டினாள்.

"ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு..."

அன்னக்கொடி எழுந்து அம்மாவோடு சேர்ந்து தட்டினாள். தமயந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.