பையப் பந்து

மழையில் நனைந்து, ஸ்டோர் ரூமில் கிழிந்த பாய்களுக்கு அடியில் கிடந்து, எலி வாடையோடு வெளியே வரும் ஒரு தோல் கிளவுஸின் நாற்றம்தான் எனக்கு சாஃப்ட்பால். நாகர்கோவிலில் அதை ஆடும் பள்ளிகள் அப்போது குறைவு, ஆகவே சர்டிபிகேட் சுலபம் என்ற ஒரே யோசனையில் எங்கள் பி.டி. மாஸ்டர் அந்த ஆட்டத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அவர் வாழ்நாளில் ஒரு பந்தும் வீசியவரல்ல. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, கட்டன் சாயாவை ஊதிக் குடித்தபடி, “வேகமா எறிட்டி!” என்று கத்துவதற்குப் பெயர்தான் பயிற்சி.

நான் பிட்சர். கையைச் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுகிறவள். என் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர் குளச்சல் கடற்கரைக்காரி சகாயராணி. மாநிலப் போட்டிக்குத் தேறினால் விளையாட்டு விடுதியில் இடம், இல்லாவிட்டால் பத்தாம் வகுப்போடு படிப்பு நிறுத்தம் என்று அவள் வீட்டில் முடிவாகியிருந்தது. அதனால் எங்களில் அவள் ஒருத்திதான் ஆட்டத்தைப் பற்றி யோசித்தாள்.

“ஏட்டி, ஒம் பந்து எப்ப வரும்னு கண்ண மூடிட்டே நான் சொல்லுவேன். அடிக்கவளுக்குத் தெரியாதா? நடுவுல ஒண்ணு பைய விடு, கேட்டியா” என்றாள் ஒருநாள். எங்கள் ஊரில் ‘பைய’ என்றால் மெதுவாக. பந்தை விரல்நுனியில் பிடிக்காமல் உள்ளங்கையில் ஆழப் புதைத்து, கையை மட்டும் அதே வேகத்தில் சுற்றுவது என்று நாங்களே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தோம். முதலில் பந்து என் காலடியிலேயே விழுந்தது. சகாயராணி சலிக்காமல் எடுத்து எடுத்துத் திருப்பி எறிந்தாள். அதற்குப் ‘பையப் பந்து’ என்று பெயர் வைத்தவளும் அவள்தான். மாஸ்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் புரிகிற ஆளா அவர்?

மாவட்ட இறுதி ஆட்டம். ஓர் ஓட்டம் முன்னால் இருந்தோம். எதிரணியில் இன்னும் ஒருத்தி அவுட் ஆனால் மாநிலப் போட்டி. மட்டையோடு நின்றவளுக்குப் பையப் பந்தைப் போட்டேன். பந்து வருவதற்குள் அவள் மட்டையை ஓங்கி வீசிவிட்டு, நிலை தடுமாறி உட்கார்ந்தே விட்டாள். இப்படி மூன்று முறை தவறினால் அவுட். மைதானம் சிரித்தது. மாஸ்டர் மட்டும் எழுந்து ஓடிவந்தார்.

“கை ஓஞ்சு போச்சுன்னா சொல்லணும்லா? மாறு, மாறு!”

“சாரே, அது வேணும்னு போட்டதாக்கும்” என்று கெஞ்சினாள் சகாயராணி.

“வேணும்னு எவளாவது மெதுவா எறிவாளாட்டி? எனக்குப் படிச்சுத் தாறியா?”

என் இடத்துக்கு வந்தவள் மாஸ்டருக்குப் பிடித்த மாதிரி நேராக, வேகமாக ஒன்று போட்டாள். அது தென்னந்தோப்புக்குள் போய் விழுந்தது. முன்பே அடித்துவிட்டுப் பாதிச் சுற்றில் காத்து நின்ற ஒருத்தியும் இப்போது அடித்தவளும் சுற்றி வந்துவிட, ஆட்டம் முடிந்தது. பஸ்ஸில் அவர் எங்களுக்கு மன உறுதி பற்றிப் போதித்தார். சகாயராணி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். பத்தாவதோடு அவளை நிறுத்தினார்கள். அந்த முட்டாள்தனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அந்த மைதானம் இப்போது கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். ஞாயிறுதோறும் வேறொரு திடலில் சிறுமிகளுக்குப் பந்துவீசச் சொல்லிக்கொடுக்கிறேன். வேகம் படிந்தபின் எல்லாருக்கும் பையப் பந்துதான் அடுத்த பாடம். போன மாதம் அதே மண்டபத்தில் மாஸ்டருக்குப் பாராட்டு விழா. பொன்னாடையும் ரோஜா மாலையுமாக மைக்கைப் பிடித்தவர், என்னைக் கைகாட்டி, “இவளுக்கு அந்த மெதுப்பந்தைப் படிச்சுக் குடுத்ததே நான்தான்” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மேடையேறி மைக்கை வாங்கினேன். “படிச்சுக் குடுத்தது சகாயராணி. குளச்சல்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பந்திக்கு இடம் பிடிக்க எழுந்துகொண்டிருந்தார்கள்.